மாலி ராஜாவும் மாலை நேர டியூஷனும்

பி.காம். படித்தவனுக்கு எங்கள் செட்டியார்பட்டியில் இரண்டு வேலை கியாரண்டி. ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது. இரண்டு, டியூஷன் எடுப்பது. முதலாவதில் சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. இரண்டாவதில் சம்பளம் உண்டு என்று பேச்சு. அடியேன் இரண்டையும் பார்க்கிறேன். நடுநடுவே பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதை என் சகதர்மிணி வேலையாகவே ஒப்புக்கொள்வதில்லை. 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் தள்ளிவிட்டாள்.

செட்டியார்பட்டி எங்கே என்று கேட்பவர்களுக்கு... ராஜபாளையம் தெரியுமல்லவா? நாய்க்கும் நூல் மில்லுக்கும் பேர்போன ஊர். அங்கே பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். பக்கத்தில் தளவாய்புரம். இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது நைட்டி போட்டுக்கொண்டு கோலம் போட்டால், அது எங்கள் பக்கத்து மெஷினில் ஓடிய துணியாக இருக்க நிறைய சான்ஸ் உண்டு.

என் டியூஷனில் பதின்மூன்று பையன்கள். எல்லோரும் ஒன்பதாவது, பத்தாவது. மொட்டை மாடி, ஒரு ட்யூப்லைட், ஒரு கரும்பலகை. கொசு இலவசம். அந்தப் பதின்மூன்றில் ஒருவன் நான்கு நாளாக வரவில்லை. அவன் கணக்கில் புலி. நிறம் கறுப்பு. இந்த இரண்டில் ஊர்க் கண்ணில் பட்டது இரண்டாவது மட்டும்தான்.

விசாரிக்க வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா ஓவர்லாக் மெஷினை நிறுத்தாமலே பேசினார். அவருக்குப் பீஸ் ரேட். நின்றால் நஷ்டம்.

"டியூஷன் வேண்டாங்கிறான் ஸார். ஸ்கூலும் வேண்டாமாம். காஜா எடுக்கப் போறேங்கிறான். நானும் போகட்டும்னு விட்டுட்டேன். மெஷின் வாங்குன கடன் வேற நிக்குது. வாரமானா அவன் கையிலயும் நாலு காசு புரளும்ல?"

அடுப்படியிலிருந்து அவன் அம்மா குரல் வந்தது. "உள்ளதைச் சொல்லுங்களேன். பசங்க அவனை ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கான்னு கூப்பிடுறாங்களாம் ஸார். ஸ்கூல்லயும் அதான், உங்க மாடியிலயும் அதான். மெஷின் ஆளு என்ன கலருன்னு பார்க்காதுல்ல? அதான் அங்க போறேங்கிறான்."

சுருக்கென்றது.

பையன்களை வரிசையாக நிற்க வைத்து நாலு சாத்து சாத்தலாம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பட்டப் பெயருக்குத் தடை போட்டால் அதற்கு மார்க்கெட் ஏறிவிடும். அப்புறம் பிளாக்கில் போகும். வாத்தியார் இருக்கும்போது மௌனம், தலை மறைந்ததும் அமோக விற்பனை. கொள்முதலைத் தடுக்க முடியாவிட்டால் சரக்கின் மதிப்பையே மாற்று... இது நான் படித்த காமர்ஸில் எங்கேயும் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம்.

"அண்ணே, ஒரு வாரம் மட்டும் அனுப்பி வைங்க. அதுக்கப்புறம் காஜாவா, கணக்கான்னு அவனே முடிவு பண்ணட்டும்" என்றேன். அவர் மெஷினை ஒரு விநாடி நிறுத்தினார். அவர் வரும்படியில் ஒரு விநாடி என்பது பெரிய மரியாதை.

மறுநாள் பையன் வந்து மூலையில் உட்கார்ந்தான். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஆப்பிரிக்கான்னா உங்களுக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

"சிங்கம் ஸார்!" "பஞ்சம் ஸார்!" "பில்லி சூனியம் ஸார்!" "ரபாடா ஸார்!" (இது கிரிக்கெட் கோஷ்டி.) ஒருவன் மூலையைப் பார்த்துக்கொண்டே, "இருட்டு ஸார்" என்றான். மாடியே கொல்லென்று சிரித்தது. மூலையில் இருந்தவன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

நான் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கடையில உப்பு பாக்கெட் என்ன விலை?" என்றேன். ஆப்பிரிக்காவுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பம்.

நமக்கு உப்பு என்றால் தூத்துக்குடி. லாரி லாரியாக வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே ஆற்றில் தங்கம் கிடைத்தது, மண்ணிலும் கிடைத்தது. உப்புக்கு மட்டும் தட்டுப்பாடு. பாலைவனத்து நடுவே தகாஸா என்று ஓர் ஊர். அங்கே தோண்டினால் பாறை பாறையாக உப்பு. வீட்டுச் சுவர்கூட உப்புப் பாளத்தில்தான், கூரைக்கு ஒட்டகத் தோல். மழை பெய்தால் வீடு ரசத்தில் கரைந்துவிடாதா என்று பையன்கள் கேட்டார்கள். அங்கே மழை எங்கே பெய்தது!

அந்த உப்பு ஒட்டகத்தில் ஏறித் தெற்கே வரும். வலாட்டா என்ற எல்லை ஊரில் ஒரு சுமை 8 முதல் 10 மித்கால் தங்கம். அதே சுமை மாலி ராஜ்யத் தலைநகருக்குப் போனால் 20 முதல் 30, சில சமயம் 40 மித்கால்கூட. ஒரு மித்கால் ஏறக்குறைய 4.25 கிராம். "போடுங்கடா கணக்கு" என்றேன்.

மூலையில் இருந்தவன் தலை நிமிராமலே, "நாற்பதுன்னா 170 கிராம் ஸார். 21 பவுன்" என்றான்.

மாடி அமைதியானது. எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவர்கள் இருபத்தொரு பவுனுக்கு எத்தனை வருஷம் நைட்டி தைக்க வேண்டும் என்று பையன்களுக்கும் தெரியும். ஒரு ஒட்டகச் சுமை உப்புக்கு அவ்வளவா? (உப்புக்கு எடைக்கு எடை தங்கம் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. அதை நம்பாதீர்கள். கணக்குக்கு வராது.)

"விலை தெரிஞ்சுபோச்சு. வரி யாரு போடுவா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். மாலிக்கு முன்னால் அந்தப் பக்கம் கானா என்ற ராஜ்யம். இன்றைக்கு மேப்பில் இருக்கிற கானா அல்ல. அது கடலோரம். 1957-ல் சுதந்திரம் வாங்கியபோது பழைய பெருமைக்காக அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பழைய கானா இன்றைய மௌரிடானியா, மாலி எல்லைப் பக்கம். 1068-ல் அல் பக்ரி என்பவர் ஸ்பெயினில் உட்கார்ந்தபடி, போய் வந்தவர்களை விசாரித்து அதைப் பற்றி எழுதினார். ஒரு கழுதைச் சுமை உப்பு ஊருக்குள் வந்தால் ராஜாவுக்கு ஒரு தங்க தினார். ஊரை விட்டு வெளியே போனால் இரண்டு தினார். இறக்குமதி வரி, ஏற்றுமதி வரி! நம் ஜி.எஸ்.டி.க்குக் கொள்ளுத் தாத்தா.

அதைவிட ஒரு பெரிய சங்கதி. தங்கக் கட்டி கிடைத்தால் அது ராஜாவுக்கு. தங்கப் பொடி மட்டும் ஜனங்களுக்கு. ராஜா பேராசைக்காரர் என்று பையன்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அல் பக்ரி காரணமும் எழுதியிருக்கிறார். எல்லாத் தங்கத்தையும் வெளியே விட்டால் தங்கத்துக்கே மதிப்புப் போய்விடும். அதாவது, ரிசர்வ் வங்கி பார்க்கிற வேலையைத் தொள்ளாயிரத்துச் சொச்ச வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்க அரசாங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூன்று வருஷம் பி.காம். படித்தேன். எந்த லெக்சரரும் இதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் மான்சா மூசா. மான்சா என்றால் அவர்கள் மொழியில் ராஜா. 1312 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர். 1324-ல் மெக்காவுக்கு யாத்திரை கிளம்பி, வழியில் கெய்ரோவில் தங்கினார். தங்கத்தை அள்ளி விட்டார். பெரிய மனிதருக்கும் கொடுத்தார், சின்ன மனிதருக்கும் கொடுத்தார், வாசல் காப்போனுக்கும் கொடுத்தார். விளைவு? அதுவரை கெய்ரோவில் ஒரு மித்கால் தங்கம் 25 வெள்ளி திர்ஹத்துக்குக் குறைந்ததில்லை. இவர் வந்து போனதும் 22-க்குக் கீழே இறங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து விசாரித்து எழுதிய அல் உமரி, 'இன்னும் ஏறவில்லை' என்று பதிவு செய்திருக்கிறார். ஒரே ஆள், ஒரே டிரிப்! தங்க மார்க்கெட் பன்னிரண்டு வருஷம் படுத்துவிட்டது.

"எங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி அவர் இங்க வந்திருக்கலாம் ஸார்" என்றான் ஒருவன். நியாயமான ஆசை.

ஐம்பது வருஷம் போன பிறகும் அவர் பேச்சு ஓயவில்லை. 1375-ல் ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்கா தீவில் போட்ட ஓர் உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் நடுவே கிரீடத்தோடு உட்கார்ந்து, கையில் தங்க உருண்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். (இன்றைக்கு யூடியூபில் அவர் சொத்து இத்தனை லட்சம் கோடி என்று போடுகிறார்கள். ஆடிட்டர் கையெழுத்து இல்லாத கணக்கு. விட்டுவிடுங்கள்.)

மூலையில் இருந்தவன் முதல் முறையாகக் கை தூக்கினான். "ஸார், அவ்வளவையும் அள்ளிக் கொடுத்துட்டா, திரும்பி வர்றதுக்கு?"

கணக்குப் புலி என்று சும்மாவா சொன்னேன்? அந்தக் கேள்வியைத்தான் மூசா கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் கை காலி. அதே கெய்ரோ வியாபாரிகளிடம் கொழுத்த வட்டிக்குக் கடன் வாங்கினார். தீபாவளி முடிந்த மறுநாள் நம் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள். உலகமகா பணக்காரருக்கும் மாசக் கடைசி உண்டு!

இந்த இடத்தில் ஒரு பையனின் அப்பா மாடி ஏறி வந்தார். ஃபீஸ் கொடுக்கிறவர். கேட்க உரிமை உள்ளவர்.

"ஸார், இதெல்லாம் பரிட்சைக்கு வருமா?"

"வராது அண்ணாச்சி."

"அப்ப எதுக்கு?"

"சதவீதம் வருது, விகிதம் வருது, லாப நஷ்டம் வருது, தனி வட்டி, கூட்டு வட்டி வருது. அதையெல்லாம் மாம்பழம், ஆரஞ்சுப் பழம்னு சொல்லிக் கொடுத்தா தூங்குறாங்க. தங்கம், ஒட்டகம்னா முழிச்சிருக்காங்க."

அவர் பையனைப் பார்த்தார். பையன் முழித்திருந்தான். அவர் வாழ்க்கையில் அது புதுக் காட்சி போலிருக்கிறது. படியிலேயே உட்கார்ந்து அவரும் பாடம் கேட்டார்.

நான்காம் நாள் பல்லாங்குழிச் சோழி ஒரு கை நிறையக் கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். (என் மாமியாருடையது. அனுமதி பின்னர் பெறப்பட்டது.) இது எங்கே கிடைக்கும்? மாலத்தீவுக் கடலில். ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் பன்னிரண்டாயிரம் பழந்தீவைப் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறாரே, அந்தப் பக்கம்தான்.

இப்போது ஓர் ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் இப்னு பதூதா. மொராக்கோ நாட்டுக்காரர். 1325-ல் வீட்டை விட்டுக் கிளம்பியவர், கால் நூற்றாண்டு சுற்றினார். டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடமே நீதிபதி வேலை பார்த்து உயிரோடு வெளியே வந்தவர் என்றால் திறமையைப் புரிந்துகொள்ளுங்கள். 1340-களில் மாலத்தீவு, இலங்கை, அப்புறம்... மதுரை! ஆமாம், நாம் மாட்டுத்தாவணியில் இறங்குகிறோமே அதே மதுரைதான். அப்போது அங்கே ஒரு சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். முறைப்படி இவருக்குச் சகலை. ஊரில் கொள்ளை நோய் பரவியிருந்தது. பிடித்தால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆள் காலி என்று எழுதியிருக்கிறார். இவருக்கும் காய்ச்சல் வந்து பிழைத்து, கப்பல் ஏறினார்.

அதே மனிதர் 1352-ல் இரண்டு மாதம் பாலைவனத்தைத் தாண்டி மாலிக்குப் போனார். மூசா போய்ச் சேர்ந்து, அவர் தம்பி சுலைமான் ஆண்டுகொண்டிருந்தார். ராஜா விருந்தாளிக்குப் பரிசு அனுப்புகிறார் என்று சேதி. இவர் பட்டுச் சட்டை, பண முடிப்பு என்று கற்பனை பண்ணிக்கொண்டு எழுந்து நிற்கிறார். வந்தது என்ன தெரியுமா? மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, ஒரு சுரைக்குடுக்கை தயிர். இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனஸ் கவரைப் பிரித்ததும் ஸ்வீட் பாக்ஸ் கூப்பன் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்! பிறகு நேரிலேயே போய் முறையிட்டு ஒரு வீடும் தங்கமும் வாங்கினார். ஊர் ஊராகப் போய் நம் நாட்டில் உங்களைப் பற்றி என்ன சொல்ல என்று கேட்டால் எந்த ராஜாதான் அசைய மாட்டார்?

கோபம் இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் எழுதினார். அந்த நாட்டு ரோட்டில் திருட்டுப் பயம் இல்லை. வெளியூர் வியாபாரி அங்கே செத்துப்போனால் அவர் சொத்தில் யாரும் கை வைப்பதில்லை. உரியவர் வந்து வாங்கும்வரை ஒரு நம்பிக்கையான ஆளிடம் இருக்கும். வாரிசு சர்டிஃபிகேட்டுக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள், இதன் அருமை தெரியும்.

சோழிக்கு வருவோம். மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு நாலு லட்சம் சோழி. மலிந்த காலத்தில் பன்னிரண்டு லட்சம்கூட. மாலியில் அதே சோழிதான் சில்லறைக் காசு. அங்கே ஒரு தினாருக்கு 1,150 தான். இரண்டு விலையையும் கண்ணால் பார்த்து எழுதியவர் இந்த இப்னு பதூதா.

சாக்பீஸை மூலையில் இருந்தவனிடம் கொடுத்தேன். தயங்கித் தயங்கி எழுந்து வந்தான். நாலு லட்சம் வகுத்தல் 1,150. பலகையில் 347.8 என்று எழுதினான். "கிட்டத்தட்ட 348 மடங்கு ஸார்."

"ஸார், நாம சோழி பிஸினஸுக்குப் போயிருவோம்!" என்று மாடியே எழுந்துவிட்டது.

"இருங்கடா. இது கிராஸ்" என்றான் அவன், பலகையைப் பார்த்தபடி. "கப்பல் கூலி, ஒட்டகக் கூலி, வரி, கைமாத்து வியாபாரிங்க லாபம், வழியில செத்த ஒட்டகம் எல்லாம் கழிக்கணும்ல? நெட் வேற."

மொத்தம் பன்னிரண்டு பேர், அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொசுகூடக் கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

ஐந்தாம் நாள் பையன்களே கேள்வி கொண்டுவந்தார்கள். "ஸார், நம்ம ஊருக்கும் அவங்களுக்கும் நேரா ஏதாச்சும்..?"

ஏன் இல்லை? எகிப்தில் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகம். ("எகிப்து ஆப்பிரிக்காவா ஸார்?" என்று மூன்று பேர் ஆச்சரியப்பட்டார்கள். மேப்பைத் திறந்து காட்டினேன். பிரமிடு எப்போது ஆப்பிரிக்காவை விட்டு வெளிநடப்புச் செய்தது?) அங்கே தோண்டியபோது ஒரு கோயில் தரையில் புதைத்த இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே கரையில் குசேர் அல் காதிம் என்ற இடத்தில் கண்ணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஆள் ஒருவன் அங்கே போய், இது என் பானை என்று பெயர் எழுதி வைத்திருக்கிறான். ஹாஸ்டல் பக்கெட்டில் நாம் பெயிண்ட்டில் எழுதுகிறோமே, அதே புத்தி.

அவர்களிடமிருந்து நமக்கு வந்தது? இங்கேதான் பையன்களுக்கு ஷாக். "ராத்திரி வீட்டுல என்னடா சாப்பாடு?" என்றேன். ஒருவன், "கம்பங்கூழ் ஸார், அப்பத்தா இருக்கறதால" என்றான்.

கம்பு முதன்முதலில் பயிரானது சகாராவின் தெற்கு விளிம்பில். மாலி பக்கம் நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கம்புத் தடயம் கிடைத்திருக்கிறது. சோளம் சூடான் பக்கத்துச் சரக்கு. கேப்பை எத்தியோப்பியா, உகாண்டா மலைப் பக்கம். தட்டைப்பயறும் ஆப்பிரிக்கா. புளியமரத்தின் பூர்வீகமும் அங்கேதான் என்கிறார்கள். அரபுக்காரர்கள் இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைக்கும் அளவுக்கு நம் ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

"கம்பு எங்க அப்பத்தாவோட அப்பத்தா காலத்துலயே இருக்காம் ஸார்!" என்று அவன் சண்டைக்கு வந்தான்.

"அதுக்கும் முந்தின அப்பத்தா காலத்துல வந்துச்சுடா. இந்தக் கரிசக்காட்டுல மழை ஏமாத்துன வருஷமெல்லாம் நம்மைக் காப்பாத்தினது கம்பும் சோளமும்தான். ஆப்பிரிக்காக்காரன் வெதச்ச வெதை இல்லேன்னா நம்ம பாட்டன் பட்டினி."

இதெல்லாம் இனிப்பு. கசப்பையும் கொடுத்தேன். அந்த ராஜ்யங்களில் அடிமை வியாபாரமும் நடந்தது. சொந்த லாபத்துக்கு மனிதனை விற்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நாம் மாட்டி வைத்துச் சூடம் காட்ட சாமி படம் வரையவில்லை. லெட்ஜர் எழுதுகிறோம். பற்றும் இருக்கும், வரவும் இருக்கும்.

கடைசியாக ஒன்று சொன்னேன். ஆப்பிரிக்காவின் தெற்கே கிரேட் ஜிம்பாப்வே என்ற கல் நகரம். 11-ம் நூற்றாண்டிலிருந்து 15 வரை ஓகோ என்று இருந்தது. சாந்தே பூசாமல் கல் மேல் கல் அடுக்கி 11 மீட்டர் உயரச் சுவர். அங்கே இந்தியக் கண்ணாடி மணியும் சீனப் பீங்கானும் கிடைத்தன. 1871-ல் அதைப் பார்த்த ஜெர்மன்காரர் கார்ல் மௌக், இது ஷீபா ராணி சம்பந்தப்பட்டது என்றார். அப்புறம் வந்தவர்கள் ஃபினீஷியர் கட்டியது, அரபுக்காரர் கட்டியது என்றார்கள். யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம், அங்கேயே இருக்கிற கறுப்பு மனிதனைத் தவிர! 1905-ல் மெக்ஐவர், 1929-ல் காட்டன் தாம்ஸன் என்ற அம்மாள் தோண்டிப் பார்த்து, உள்ளூர்க்காரர்களே கட்டியது என்று அடித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அங்கே ஆண்ட வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. 1980-ல் விடுதலை கிடைத்ததும் ஜனங்கள் அந்தக் கல் நகரத்தின் பெயரையே நாட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

"ஏன் ஸார் நம்பலை?" என்றான் முதல் நாள் 'இருட்டு' என்று சொன்ன பையன்.

"ஆளு கறுப்பா இருக்கான், இவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சாங்க."

அவன் மூலையைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிப்பதற்காக அல்ல.

வெள்ளைக்காரன் ஜிம்பாப்வேயைப் பார்த்து நினைத்ததைத்தான் நாம் தினமும் நினைக்கிறோம். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிறோம். ஆபீஸில் ஒருவரைப் பெயர் தெரிந்தும் 'அந்தக் கறுப்பு ஆளு' என்கிறோம். கொளுத்துகிற ராஜபாளையம் வெயிலில் பிறந்துவிட்டு, இரண்டு ஷேடு வித்தியாசத்துக்கு அடுத்தவனைக் கிண்டல் செய்கிறோம். கலர் டி.வி. வந்ததற்கு இவ்வளவு அலட்டல் ஆகாது, ஸார்.

என் திட்டம் பலித்ததா என்று கேட்பீர்கள். அரைவாசி பலித்தது. மறு வாரம் 'ஆப்பிரிக்கா' என்று ஒருவன் பழக்கதோஷத்தில் கூப்பிட்டான். நம் ஆள் திரும்பி, "எந்த நாடு? மொத்தம் 54 இருக்கு" என்றான். கூப்பிட்டவன் முழித்தான். இன்னொருவன் சமாதானமாக, "இனிமே மூசான்னு கூப்பிடுவோம்டா" என்றான். எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. சரக்கு மதிப்பு ஏறிவிட்டதே!

அவன் என்னையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னான். "அதுவும் வேண்டாம். எனக்கு ஸ்கூல்ல போட்ட பேரு இருக்குல்ல? அதைச் சொல்லு."

மாலியின் மொத்தத் தங்கமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. இப்போது பன்னிரண்டு பேரும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மறந்துபோகிறவனுக்கு அபராதம், தங்க மித்கால் இல்லாததால் ஒரு கடலை மிட்டாய். ஸ்கூலிலும் அது பரவ நாளாகும். பரவட்டும். காஜா எடுக்கும் பேச்சு மட்டும் அந்த வாரத்தோடு நின்றுவிட்டது.

மாசம் பிறந்ததும் அவன் அப்பா ஃபீஸோடு வந்தார். மெஷினை விட்டு அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. பணத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"என்ன அண்ணே?"

"இல்ல ஸார்... பையன் ராத்திரி அந்த ராஜா கதையைச் சொன்னான். போற வழியில எல்லாத்தையும் கொடுத்துட்டு வர்ற வழியில வட்டிக்கு வாங்கினாராமே... அந்தக் கடனை அடைச்சாரா?"

நல்லவேளை, இப்னு பதூதா அதையும் எழுதி வைத்திருக்கிறார். கடன் கொடுத்த எகிப்து வியாபாரி வசூலுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் மாலியிலேயே தங்கிவிட்டான். வியாபாரி தன் மகனைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பி வந்தார். திம்புக்துவில் தங்கிய அன்றைக்கே செத்துப்போனார். அவர் கல்லறையை இப்னு பதூதா பார்த்திருக்கிறார். மகன் மேற்கொண்டு போய், பணத்தை வசூல் பண்ணிக்கொண்டு எகிப்துக்குத் திரும்பினான்.

"அடைச்சாச்சு அண்ணே. கொடுத்தவர் மகன் கையில."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப அவரு பெரிய மனுஷன்தான் ஸார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கீழே அவர் தெருவில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.